ஒரு மேஜை... நாலு ஸ்டாப்!

உங்கள் எதிரில் இருக்கும் டீ டம்ளரைக் கொஞ்சம் பாருங்கள். கேன்டீனோ, ஹாஸ்டலோ... எங்கே இருந்தாலும் சரி. அதன் வாய் என்ன வடிவம்? ‘வட்டம்’ என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால், இப்போது உங்கள் கண்ணில் விழுவது வட்டம் இல்லை... அமுங்கிப்போன முட்டை வடிவம்! நேர் மேலே இருந்து எட்டிப் பார்த்தால்தான் வட்டம். அப்படிப் பார்த்தால், டம்ளரின் உயரம் காணாமல் போய்விடும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் உயரம் கிடைக்கும்... வாய் வெறும் கோடாகிவிடும். ஆக, ஒரு சாதாரண டம்ளரைக்கூட ஒரே பார்வையில் முழுசாகப் பார்க்க யாராலும் முடியாது பாஸ்!

‘தெரிகிறது’ என்பது வேறு... ‘தெரியும்’ என்பது வேறு. தமிழில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன சந்துக்குள் புகுந்து, நூறு வருஷத்துக்கு முன்னால் சிலர் பெரிய கலாட்டாவே பண்ணியிருக்கிறார்கள். நடந்த இடம், பாரிஸ். பண்ணியவர்கள், இருபதுகளில் இருந்த ஓவியர்கள். கலாட்டாவின் பெயர், க்யூபிஸம்!

பாரிஸில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டே நாள். கூட வந்த நண்பனும் என்னைப் போலவே மெக்கானிக்கல். எல்லோரும் ஈஃபிள் டவருக்குக் கீழே ஃபோட்டோ எடுத்துக்கொண்டு இருக்க, நாங்கள் ஒரு மேஜையைத் தேடிப் போனோம். பழம், கத்தி, கிளாஸ், பேப்பர் என்று சாமான்கள் வைத்த ஒரு சாதாரண மேஜை. இங்கிலீஷில் ‘ஸ்டில் லைஃப்’ என்பார்கள். பிரெஞ்சில் ‘நாத்யூர் மோர்த்’. அதாவது, ‘செத்த இயற்கை’! இந்த அசையாத மேஜையை 200 வருஷத்தில் பாரிஸ் எப்படி எல்லாம் ஆட்டி வைத்தது என்பதை நாலு ஸ்டாப்பில் பார்ப்பதுதான் பிளான்.

கிளம்பும்போதே நண்பன் ஒரு கேள்வியைப் போட்டான். “மச்சான், ஒரு படம் எனக்குப் புரியலைன்னா முட்டாள் யாரு? நானா... வரைஞ்சவனா?”

நியாயமான கேள்வி. மியூஸியத்துக்குப் போகிற பாதிப் பேர் மனசுக்குள் இருக்கிற கேள்வி. பதிலைக் கடைசி ஸ்டாப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று நடக்க ஆரம்பித்தோம்.

ஸ்டாப் 1: திருக்கையும் கத்தியும்

லூவர் மியூஸியத்தில் கூட்டம் மொத்தமும் மோனாலிசாவைப் பார்த்து ஓடும். அந்த வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு, பிரெஞ்சு ஓவியங்கள் இருக்கும் மேல் தளத்துக்கு ஏறினால், திடீரென்று அமைதி. அங்கேதான் ஷார்தான் 1728-ல் கொடுத்த ‘திருக்கை’ தொங்குகிறது. நம்ம ஊர் மீன் மார்க்கெட்டில் பார்ப்போமே, அதே திருக்கை மீன்! வயிற்றைக் கிழித்துக் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள். அடிப்பக்கம் மனித முகம் மாதிரி சிரிக்கிறது. இடப்பக்கம் சிப்பிகள் மேல் கால் வைத்து முதுகைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை. வலப்பக்கம் மேஜை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு ஒரு கத்தியின் பிடி.

அந்தக் கத்திப் பிடியைப் பாருங்கள். கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போல இருக்கும். தட்டையான துணியில் ஆழத்தைக் காட்ட ஓவியர்கள் வழக்கமாகப் போடும் டிரிக் அது. 15-ம் நூற்றாண்டில் இத்தாலியில் புருனெல்லஸ்கி செய்து காட்டி, 1435-ல் ஆல்பர்ட்டி விதிகளாக எழுதிவைத்த ‘பெர்ஸ்பெக்டிவ்’ முறைதான் இதற்கெல்லாம் அடிப்படை. ஒரே கண், ஒரே இடம், ஒரே நொடி. அங்கிருந்து என்ன தெரியுமோ, அதை மட்டும் வரை. கேமரா வருவதற்கு 400 வருஷம் முன்னாலேயே கேமராவின் கண்ணை ரெடி பண்ணிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து பிரெஞ்சு அகாடமியில் ஓவியங்களுக்கும் ரேங்க் லிஸ்ட் உண்டு. புராணம், சரித்திரம் வரைகிறவர் டாப்பர். பழம், பாத்திரம் வரைகிறவர் கடைசி பெஞ்ச். ஆனால், பின்னால் நடந்த புரட்சி மொத்தமும் அந்தக் கடைசி பெஞ்ச்சில் இருந்துதான் கிளம்பியது. காரணம், சிம்பிள். ராஜா படத்தில் ராஜா யார் என்ற கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆப்பிளுக்குக் கதை கிடையாது. ‘எதைப் பார்க்கிறோம்’ என்கிற கேள்வி முடிந்துபோய், ‘எப்படிப் பார்க்கிறோம்’ என்கிற கேள்வி மட்டும் மிஞ்சும்!

ஸ்டாப் 2: விழாத ஆப்பிள்

லூவரில் இருந்து ஸேன் நதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், ஓர்ஸே மியூஸியம். 1900-ம் வருஷ உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில்வே ஸ்டேஷன். 1986-ல் மியூஸியமாகத் திறந்தார்கள். பெரிய கடிகாரம், வளைந்த கூரை எல்லாம் அப்படியே இருக்கிறது. அடுத்த ரயில் எப்போ வரும் என்று கேட்கத் தோன்றும்.

இங்கே செஸானின் ‘ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்’. 1899 வாக்கில் வரைந்தது. முதல் பார்வையில், ‘அழகா இருக்கே’ என்று கடந்து போய்விடுவீர்கள். இரண்டாவது தடவை பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். பழத்தட்டு சரிந்து நிற்கிறது. மேஜையே நம் பக்கம் கவிழ்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளைத்துணி மலைச்சரிவு போல இறங்குகிறது. பிசிக்ஸ்படி பழங்கள் எல்லாம் உருண்டு நம் காலடியில் வந்து விழ வேண்டும். ஆனால், ஒன்றுகூட விழவில்லை!

“ஈக்விலிப்ரியம் அடிவாங்குதேடா” என்றான் நண்பன்.

அடிவாங்கியது ஈக்விலிப்ரியம் இல்லை... ‘ஒரே கண்’ விதி. தட்டைக் கொஞ்சம் மேலே இருந்து பார்க்கிறார். ஜாடியைக் கொஞ்சம் நேரே பார்க்கிறார். இரண்டையும் ஒரே துணியில் சேர்த்துவிடுகிறார். பக்கத்தில் வாழ்ந்து, தினமும் பார்த்து, தலையை இப்படி அப்படி அசைத்து ஒரு மேஜையை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோமோ, அப்படி. செஸான் 1906-ல் இறந்துபோனார். 1907-ல் பாரிஸில் அவருடைய படங்களை மொத்தமாக வைத்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. பார்த்த இளைஞர்களுக்குத் தலைகீழாகச் சுற்றியது. அவர்களைத் தேடித்தான் அடுத்த ஸ்டாப்.

ஸ்டாப் 3: குன்றின் மேல் ஒரு மரக்கொட்டகை

ஓர்ஸே பக்கத்தில் இருக்கும் சோல்ஃபெரினோ ஸ்டேஷனில் 12-ம் நம்பர் மெட்ரோவைப் பிடித்தால், மாறாமல் நேராக அபெஸ். பாரிஸின் மிக ஆழமான மெட்ரோ ஸ்டேஷன்களில் ஒன்று. கிட்டத்தட்ட 36 மீட்டர்! லிஃப்ட் இருக்கிறது. ஆனாலும், சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டில் போங்கள். வழி நெடுகச் சுவரில் ஓவியங்கள். மேலே வரும்போது மூச்சு வாங்கும். அதுதான் மோன்மார்த்ர் குன்று.

அங்கிருந்து சில நிமிஷ ஏற்றத்தில், மரங்கள் நிற்கிற ஒரு சின்னச் சரிவான சதுக்கம். பெயர், ப்ளாஸ் எமில் கூதோ. அதன் ஓரத்தில் சாதாரணமாக ஒரு கட்டடம். கண்ணாடி ஜன்னலுக்குள் பழைய ஃபோட்டோக்களும் குறிப்புகளும். இதுதான் ‘பாத்தோ லவ்வார்’. ‘துணி துவைக்கிற படகு’ என்று அர்த்தம். ஸேன் நதியில் சலவைக்காரர்கள் வைத்திருந்த படகு மாதிரியே ஆட்டம் காணும் மரக்கட்டடம் என்பதால் வந்த பட்டப்பெயர். பழைய கட்டடம் 1970-ல் தீயில் போய்விட்டது. 1978-ல் திரும்பக் கட்டினார்கள். உள்ளே போக முடியாது. வாசலில் நின்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்பெயினில் இருந்து வந்த பிக்காஸோ, 1904-ல் இருந்து 1909 வரை இங்கேதான் இருந்தார். காசு கிடையாது. குளிர்காலத்தில் நடுக்கம். அதே கொட்டகையில் 1906-ல் வந்து சேர்ந்தவர் ஹுவான் க்ரிஸ். இவரைப் பற்றி நமக்கு ஸ்பெஷலாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், மாட்ரிட்டில் இன்ஜினீயரிங் படிக்கப் போய், பாதியில் ஓவியத்துக்குத் தாவியவர் அவர்! அவர் வரைந்த மேஜைகளைப் பார்த்தால் ஸ்கேலும் காம்பஸும் வாசம் அடிக்கும். அவ்வளவு கறாரான கோடுகள்.

மூன்றாவது ஆள், ப்ராக். பிரெஞ்சுக்காரர். வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து அலங்காரம் பண்ணும் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொழிலையும் முறையாகக் கற்றவர். சாதாரணப் பலகையில் தேக்கு மாதிரி ரேகை இழுப்பது, சுவரில் சலவைக்கல் மாதிரி வரைவது... இதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. 1908-ல் கான்வைலர் என்கிற இளம் வியாபாரியின் சின்ன கேலரியில் அவருடைய கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்த வாக்ஸெல் என்ற விமர்சகர், ‘எல்லாத்தையும் க்யூப் க்யூபாக மாத்திட்டாரே’ என்கிற ரீதியில் பத்திரிகையில் நக்கலடித்தார். கிண்டல் பண்ண வைத்த பெயரே கடைசியில் நிலைத்துவிட்டது. காலேஜில் நமக்கு நிக் நேம் விழுவது மாதிரிதான்!

அப்படி என்னதான் செய்தார்கள்?

முதல் வருஷத்து இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். போர்டில் டிராஃப்டரை மாட்டிக்கொண்டு ஒரு பொருளுக்கு ஃப்ரன்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ போடுவோம். நடுவில் ஒரு எக்ஸ்-ஒய் லைன். கண்ணுக்குத் தெரியாத விளிம்பைக்கூட விடமாட்டோம், டாட்டட் லைன் போட்டுக் காட்டுவோம். யோசித்துப் பாருங்கள்... உலகத்தில் யாருமே ஒரு பொருளை அப்படிப் பார்ப்பதில்லை. அது ‘தெரிகிற’ படம் இல்லை, ‘தெரிந்த’ படம்!

க்யூபிஸ்ட்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால், எக்ஸ்-ஒய் லைனை அழித்துவிட்டார்கள். டம்ளரின் டாப் வியூ வட்டம், சைடு வியூ விளிம்பு, உள்ளே இருக்கிற அடிப்பாகம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. வயலின் துண்டு துண்டாகப் பிரிந்து, மேஜையோடும் சுவரோடும் கலந்துபோனது. 1910, 1911 வாக்கில் கலரும் போய்விட்டது. பழுப்பு, சாம்பல், மண் நிறம். அவ்வளவுதான்.

“இதை நம்ம டிராயிங் ஹால்ல போட்டிருந்தா ரிபீட் ஷீட்தான்” என்றான் நண்பன்.

கரெக்ட். இந்த ஒப்பீடு பாதி தூரம்தான் கூட வரும். நாம் போட்ட டிராயிங்கைக் கொண்டுபோய் லேத் ஆபரேட்டரிடம் கொடுத்தால், அதே பொருளைக் கடைந்து கையில் கொடுத்துவிடுவார். எத்தனை பேரிடம் கொடுத்தாலும் அதே பொருள்தான் வரணும். அதுதான் அந்தப் படத்தின் வேலை. ஆனால், ஒரு க்யூபிஸ ஓவியத்தை வைத்து எந்த ஒர்க்ஷாப்பிலும் ஒரு கிளாஸைச் செய்ய முடியாது. அது துப்பு மட்டும்தான் கொடுக்கும். ஒரு வளைவு, ஒரு நிழல், ஒரு தண்டு... மிச்சத்தை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லா வியூவும் தருகிற படம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். எவ்வளவு கம்மியாகக் கொடுத்தாலும் நம்ம மூளை ‘கிளாஸ்’ என்று சொல்லும் என்பதைச் சோதிக்கிற படம் அது!

ப்ராக் 1909-10-ல் வரைந்த ‘வயலினும் ஜாடியும்’ இப்போது சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் இருக்கிறது. புத்தகத்திலாவது பாருங்கள். வயலின் சுக்கல் சுக்கலாகக் கிடக்கும். ஆனால், படத்தின் உச்சியில் மட்டும் ஒரு ஆணி... பழைய ஸ்டைலில், நிழலோடு, நிஜ ஆணி மாதிரியே! ‘எனக்கு அப்படியும் வரையத் தெரியும், வேண்டாம்னுதான் விட்டேன்’ என்று கண்ணடிக்கிற மாதிரி இருக்கும்.

ஸ்டாப் 4: உப்பு வீட்டில் ஒரு பிரம்பு நாற்காலி

மறுபடி மெட்ரோ. கான்கார்டில் இறங்கி 1-ம் நம்பர் லைன் மாறி, ஸான் போல் ஸ்டேஷன். அங்கிருந்து மரே பகுதியின் குறுகிய தெருக்களில் நடந்தால், அரண்மனை மாதிரி ஒரு மாளிகை. ‘ஒத்தெல் ஸலே’. ‘உப்பு மாளிகை’ என்று வைத்துக்கொள்ளலாம். 17-ம் நூற்றாண்டில் உப்பு வரி வசூலித்துக் கொழுத்த ஒருவர் கட்டியது. மக்கள் நக்கலாக வைத்த பெயர்தான் இதுவும். 1985 முதல் இது பிக்காஸோ மியூஸியம்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. பிக்காஸோ 1973-ல் இறந்தபோது, தன் சொந்தப் படங்களையே ஏராளமாகக் கையில் வைத்திருந்தார். வாரிசுகள் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வாரிசு வரி பெரிய தொகை. பணத்துக்குப் பதிலாகக் கலைப் பொருட்களைக் கொடுக்கலாம் என்று பிரான்ஸில் 1968-லேயே சட்டம் வந்திருந்தது. அப்படி 1979-ல் கொடுத்த படங்களால் உருவானதுதான் இந்த மியூஸியம். ஆக, வரி வசூலித்தவர் கட்டிய வீட்டுக்குள், வரியாக வந்த படங்கள்!

அவற்றில் ஒன்றைப் பார்க்கத்தான் இத்தனை நடையும். ‘பிரம்பு நாற்காலியோடு ஒரு ஸ்டில் லைஃப்’. 1912-ல் செய்தது. நீங்கள் பெரிசாக எதையாவது எதிர்பார்த்துப் போனால், மன்னிக்கவும். 29 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம். நாம் ஏ-3 ஷீட் என்போமே, அதைவிடச் சின்னது. முட்டை வடிவம். சுற்றிலும் ஃப்ரேமுக்குப் பதில் ஒரு கயிறு. வரைந்த கயிறு இல்லை... நிஜக் கயிறு!

உள்ளே, கீழ்ப்பக்கம் இடதில் பளிச்சென்று ஒரு பிரம்புப் பின்னல். நம்ம தாத்தா வீட்டு ஈஸி சேரில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பழைய ஹோட்டல் நாற்காலியில் பார்த்த அதே எட்டுக்கோணப் பின்னல். அதற்கு மேலே ‘ஜே, ஓ, யு’ என்று மூன்று எழுத்து. அதைக் குறுக்காக வெட்டிக்கொண்டு புகை பிடிக்கும் பைப். நடுவில் நாலைந்து துண்டாக உடைந்த ஒரு கிளாஸ். வலப்பக்கம் கத்தி. அப்புறம் எலுமிச்சைத் துண்டு, சிப்பி என்று ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். பத்து நிமிஷம் பொறுமையாக நின்றால் ஒவ்வொன்றாக இருட்டில் இருந்து ஆட்கள் வருகிற மாதிரி வெளியே வரும்.

நண்பன் மூக்கு உரசும் அளவுக்குப் போய்ப் பார்த்தான். காவலுக்கு இருந்த அம்மா கையைக் காட்டிப் பின்னால் வரச் சொன்னார். வந்தவன் சொன்னான்... “மத்ததெல்லாம் கிறுக்கல்டா. அந்தப் பிரம்பு மட்டும்தான் சூப்பரா வரைஞ்சிருக்கான்.”

அங்கேதான் ட்விஸ்ட்! அந்தப் பிரம்பை பிக்காஸோ வரையவே இல்லை. பிரம்புப் பின்னல் டிசைன் அச்சடித்து, கடையில் விற்கிற ஆயில் கிளாத்தை வெட்டி ஒட்டிவிட்டார். மரமே இல்லாத ஹாஸ்டல் மேஜையில் மர ரேகை போட்ட சன்மைகா ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி ஐட்டம். படத்தில் ரொம்ப நிஜமாகத் தெரிவது எதுவோ, அதுதான் மெஷின் அடித்த டூப்ளிகேட். ‘கிறுக்கல்’ என்று சொன்னோமே, அந்த கிளாஸும் பைப்பும்தான் ஒரு மனுஷன் கையால் வரைந்தவை. கலை வரலாற்றில் இதைத்தான் முதல் கொலாஜ் என்று குறிப்பிடுகிறார்கள். இன்றைக்கு நாம் கல்ச்சுரல்ஸ் போஸ்டருக்கு வெட்டி ஒட்டுகிற எல்லாவற்றுக்கும் தாத்தா!

அதே வருஷம் செப்டம்பரில், தெற்கு பிரான்ஸில் அவிஞ்ஞோன் நகரத்துக் கடை ஒன்றில் மர ரேகை அச்சடித்த காகிதத்தை வாங்கி, தன் படத்தில் வெட்டி ஒட்டினார் ப்ராக். கையால் மர ரேகை இழுக்கத் தெரிந்த மனிதர், அச்சடித்த ரேகையைப் போய் வாங்குகிறார். ‘நிஜம் மாதிரி வரையறதுதான் திறமைன்னா, அதை இப்போ மெஷினே பண்ணுதே. அப்போ ஓவியன் வேலை என்ன?’ என்கிற கேள்வி அதில் இருக்கிறது. இன்றைக்கு நம்ம கம்ப்யூட்டர் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து நாம் கேட்கிற அதே கேள்வி!

இந்தச் சின்னப் படத்துக்கு எத்தனை அர்த்தம் சொல்கிறார்கள் தெரியுமா? முட்டை வடிவம் என்பது வட்டமான காபிக்கடை மேஜையைச் சாய்வாகப் பார்த்தது என்கிறார்கள். அப்படியானால் கயிறு, மேஜை விளிம்பு. பிரம்பு? கண்ணாடி மேஜை வழியாகக் கீழே தெரியும் நாற்காலி என்று ஒரு கட்சி. மேஜை மேல் விரித்த ஆயில் கிளாத்தேதான் என்று இன்னொரு கட்சி. மூன்று எழுத்து? ‘ஷுர்னால்’, அதாவது செய்தித்தாள் என்ற வார்த்தையின் முதல் துண்டு. அதே எழுத்துகள் ‘விளையாடு’ என்ற பிரெஞ்சு வினைச்சொல்லுக்கும் முதல் துண்டு. மேஜையில் மடித்துப் போட்ட பேப்பரா... இல்லை, ‘வா, விளையாடலாம்’ என்கிற அழைப்பா? இரண்டுமே!

வெளியே வந்து தெருவோரக் காபிக்கடையில் உட்கார்ந்தோம். வட்ட மேஜை, பின்னல் நாற்காலி, பக்கத்தில் யாரோ விட்டுப்போன பேப்பர். தலையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். மேஜை முட்டையாகிறது, கப்பின் வாய் திறந்து மூடுகிறது, பேப்பரின் தலைப்பில் மூன்று எழுத்துதான் தெரிகிறது. அவர்கள் கற்பனை உலகத்தை வரையவில்லை. தினமும் உட்கார்ந்த மேஜையைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

மேஜை மேல் ஒரு யுத்தம்

வெறும் விளையாட்டுதானா இது? இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது.

1912 கடைசியில் பிக்காஸோ செய்த இன்னொரு மேஜை, ‘ஸூஸ் பாட்டில்’. இது பாரிஸில் இல்லை, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக மியூஸியத்தில் இருக்கிறது. நீல நிற மேஜை, அதில் ஒரு மது பாட்டில், கிளாஸ். சுற்றிலும் வெட்டி ஒட்டிய நிஜச் செய்தித்தாள். அந்தச் செய்திகளைப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். 1912 அக்டோபரில் தொடங்கியிருந்த பால்கன் யுத்தச் செய்திகள். காலராவில் சாகும் சிப்பாய்கள். யுத்தம் வேண்டாம் என்று பாரிஸில் கூடிய பெரும் கூட்டம்.

பாட்ரிஷியா லைட்டன் என்ற ஆய்வாளர், ‘இது தற்செயல் இல்லை, யுத்தத்துக்கு எதிரான குரல்’ என்று வாதாடினார். ரோஸலிண்ட் க்ராவ்ஸ் போன்றவர்கள், ‘காகிதத் துண்டு படத்துக்குள் ஒரு குறியாக எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம், அதில் பிக்காஸோவின் கட்சிக் கொள்கையைத் தேடாதீர்கள்’ என்ற பக்கம். சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கட்சியும் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்துத்தான் பேசுகிறது. ‘எனக்குத் தோணுது’ என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நிஜ யுத்தமும் வந்தது. 1914 ஆகஸ்ட் 2. அவிஞ்ஞோன் ரயில்வே ஸ்டேஷனில், ராணுவத்துக்குக் கிளம்பிய ப்ராக்கை வழியனுப்பினார் பிக்காஸோ. ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் மாதிரி இருந்தோம் என்று அந்த நாட்களைப் பற்றிப் பின்னாளில் ப்ராக் சொல்லியிருக்கிறார். கயிறு அந்த பிளாட்ஃபாரத்தில் அறுந்தது. 1915 மே மாதம் போர்க்களத்தில் ப்ராக்குக்குத் தலையில் பலத்த காயம். மண்டை ஓட்டைத் துளைத்து ஆபரேஷன் செய்தார்கள். திரும்ப பிரஷ் பிடிக்க ரொம்ப நாளானது. கான்வைலர் ஜெர்மன் நாட்டவர் என்பதால், ‘எதிரியின் சொத்து’ என்று அவர் கேலரியில் இருந்த படங்கள் அத்தனையையும் பிரெஞ்சு அரசாங்கம் கைப்பற்றியது. 1921-ல் இருந்து 1923 வரை பாரிஸின் ட்ரூவோ ஏலக் கடையில் நாலு தடவையாகக் கூவி விற்றார்கள்.

மேஜை, கிளாஸ், பேப்பர், ஒரு பைப், எதிரே ஒரு நண்பன். இந்தப் படங்களை அதற்கப்புறம் பார்த்தால், துண்டு துண்டான கிளாஸ் வெறும் ஜியாமெட்ரியாகத் தெரிவதில்லை.

அப்போ, முட்டாள் யாரு?

இரண்டு பேருமே இல்லை!

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கேள்வி என்றால் பின்பக்கத்தில் ஆன்ஸர் கீ இருக்கணும். இல்லையென்றால், ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்று எழுந்துவிடுவோம். க்யூபிஸ மேஜைக்கு ஆன்ஸர் கீ கிடையாது. ‘அப்போ என்ன வேணும்னாலும் சொல்லலாமா’ என்றால், அதுவும் கிடையாது. அந்தப் பிரம்பு நாற்காலிப் படத்தில் யானை தெரிகிறது என்று நீங்கள் சொன்னால், எங்கே என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் யானை இல்லை. கிளாஸைக் காட்ட முடிகிறது, அதனால் கிளாஸ் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பதில் சரியாக இருக்கலாம் என்பதற்கு, எல்லா பதிலும் சரி என்று அர்த்தம் இல்லை.

இப்படி ஒரு படத்தின் முன்னால் மாட்டிக்கொண்டால், மூன்றே கேள்வி போதும். எதை அடையாளம் தெரிகிறது, எங்கே? எது நிஜப் பொருள், எது நிஜம் மாதிரி? எதைப் படம் கொடுத்தது, எதை நானே சேர்த்துக்கொண்டேன்? இதற்கு ஃபைன் ஆர்ட்ஸ் டிகிரி வேண்டாம். பத்து நிமிஷம் வேண்டும். ‘புரியலை’ என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. நின்று பார்த்துவிட்டுச் சொல்லணும், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லூவருக்குச் செவ்வாய் லீவு, ஓர்ஸேக்கும் பிக்காஸோ மியூஸியத்துக்கும் திங்கள் லீவு. பிக்காஸோ மியூஸியத்தில் படங்களை மாற்றி மாற்றி மாட்டுவார்கள். இந்தப் படம் வெளியே இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். க்யூபிஸத்துக்குப் பெயர் போன போம்பிடூ சென்டரை 2025-ல் மராமத்துக்காக மூடினார்கள். 2030-ல் திறப்பதாகத் திட்டம்.

காபி முடிந்ததும் கிளம்பலாம் என்று எழுந்தேன். நண்பன் எழவில்லை. மேஜையைப் பார்த்தபடியே கேட்டான். “மச்சான், கயிறு நிஜக் கயிறு. சரி. அந்த ஆயில் கிளாத்தும் நிஜ ஆயில் கிளாத்துதானே? பெயின்ட்டும் நிஜ பெயின்ட். அப்போ பொய் எங்கடா இருக்கு?”

டிக்கெட்டைக் காட்டினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்க, இரண்டு பேரும் மறுபடி அந்த வாசலைப் பார்த்து நடந்தோம்!